கண்ணாடிப் பெட்டிக்குள் கடல்

மூன்று மீன்கள் மேலே வந்துவிட்டன. வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடின.

பங்களா வேலையாள் ஒலி முகம்மது தொட்டியருகே ஓடினான்.

வெள்ளைக்காரத் துரை ஜொகூர் போய் மூன்று நாள். இன்று பிற்பகல் வந்துவிடுவார்.

சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் கடலோரத்துப் பங்களாவின் வராந்தாவுக்கு அந்தக் கண்ணாடித் தொட்டி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இரண்டு முழ நீளம். அடியில் மணல், நடுவில் பாறை, விளிம்புவரை கடல் தண்ணீர். துரையே படகில் போய்ப் பிடித்து வந்த உயிர்கள் உள்ளே இருந்தன: கோடு போட்ட மீன்கள், செம்மஞ்சளாய் இரண்டு, ஒரு நண்டு, பாசியில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் ஒரு கடல் குதிரை.

புறப்படும்போது துரை மலாயில் ஒரே வாக்கியம் சொன்னார். "சத்து பூன் ஜாஙான் மாத்தி." ஒன்றுகூடச் சாகக் கூடாது.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போன வருஷம் பூச்செடி நாலு வாடியதற்காகத் தோட்டக்கார வடிவேலுவைப் பெட்டியும் பாயுமாக ரோட்டில் நிறுத்தியபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறை வேலையோடு வந்தது. வேலை போனால் அறையும் போகும். அந்த அறையில் அவன் மனைவி உம்மு சல்மா இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பம்.

தண்ணீரைப் பார்த்தான். பளிங்காக இருந்தது. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. கலங்கியிருந்தால் காரணமாவது தெரிந்திருக்கும்.

குனிந்து மோந்தான். லேசாக ஒரு நாற்றம்.

கைவிட்டுத் துழாவினான். பாறைக்கடியில் விரல் எதிலோ வழுக்கியது. பாறையோடு ஒட்டி வந்த சிப்பி ஒன்று. வாய் பிளந்து, உள்ளே சதை அழுகிக் கரைந்திருந்தது.

பிடுங்கித் தூர எறிந்தான். மீன்கள் கீழே இறங்கவில்லை.

தண்ணீரை மாற்ற வேண்டும். பங்களாவில் டின்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் மண்ணெண்ணெய் வந்த டின்கள். அந்த வாடை ஒன்று போதும், எல்லாமே செத்து மிதக்கும். உம்மு சல்மா குடிதண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

கடல் வற்றிக் கிடந்தது. கணுக்கால் புதையச் சேற்றில் நடந்தான். முந்தின நாள் மழையில் கால்வாய்த் தண்ணீர் கரையோரமெல்லாம் கலந்திருந்தது. அள்ளி நாக்கில் வைத்தான், உப்பு போதவில்லை. இன்னும் தூரம் போனான். இடுப்பளவு ஆழத்தில் நாக்கு கரித்தது.

பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக முகந்து கொட்டினான், புதியதை ஊற்றினான். ஆறு நடை. ஏழாவது நடையில் திரும்பியபோது கடல் குதிரை மணலில் ஒருக்களித்துக் கிடந்தது.

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். கண்முன் பெட்டியும் பாயும் வந்தன. ரோட்டில் நிற்பது வடிவேலு அல்ல.

"மச்சான், கடல்ல அலை ஓயுமா? இதுல தண்ணி அசையாம நிக்குதே," என்றாள் உம்மு சல்மா.

அவன் சிரட்டை அகப்பையை எடுத்தான். அள்ளினான், தலைக்கு மேலே தூக்கி ஊற்றினான். தண்ணீர் நுரைத்தது, குமிழ்கள் ஆழம்வரை இறங்கின. மறுபடி அள்ளினான். மறுபடி. தோள் இற்றுப்போனபோது அகப்பையை அவள் பிடுங்கிக்கொண்டாள். வேண்டாம் என்றான், கேட்கவில்லை. ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மறுகையால் அள்ளி ஊற்றினாள். இருவரும் மாறி மாறி அந்தப் பெட்டிக்குள் அலை அடித்தார்கள்.

நண்பகல் லுஹர் தொழுகை நேரம் கடந்தது. ஒரு மீன் கீழே இறங்கியது. பிறகு இன்னொன்று. வெகுநேரம் கழித்துக் கடல் குதிரை மெல்ல நிமிர்ந்தது. வாலால் தடவித் தடவிப் பாசியைப் பிடித்துக்கொண்டது.

உம்மு சல்மா சிரித்தாள். அவன் அழுதுவிட்டான்.

நாலு மணிக்குக் குதிரை வண்டி வந்தது. துரை தொப்பியைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் குந்தி, விரல் நீட்டி எண்ணினார். ஒலி முகம்மதுவும் மனசுக்குள் கூடவே எண்ணினான்.

"பாகுஸ்!" நல்லது, நல்லது என்று எழுந்து அவன் தோளைத் தட்டினார். நாலு வருஷத்தில் அவர் அவனைத் தொட்டது அதுவே முதல்முறை. உன்னை நான் எங்கேயும் அனுப்பமாட்டேன் என்றார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று உம்மு சல்மாவின் முணுமுணுப்புக் கேட்டது.

வண்டிக்காரர் வைக்கோல் அடைத்த மரப்பெட்டி ஒன்றை இறக்கி வைத்தார். துரை அதிலிருந்து வாயகன்ற கண்ணாடி ஜாடிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். நண்டுக்கு அகலமாய் ஒன்று, கடல் குதிரைக்கு ஒடுக்கமாய் ஒன்று. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி முன்பே ஏதோ எழுதியிருந்தது. பிறகு ஒரு தகரப் புட்டியைத் திறந்தார். கண்ணைக் கரிக்கும் நெடி வராந்தாவில் பரவியது.

நாளைக் கப்பலில் எல்லாம் சீமைக்குப் போகின்றனவாம், காட்சிக்கு வைக்க.

துரையே உற்சாகமாக விளக்கினார். செத்த பிறகு இந்தப் பதப்படுத்தும் மருந்தில் போட்டால் வெளுத்துவிடுமாம். உயிரோடு போட்டால்தான் நிறம் நிற்குமாம்.

சின்ன வலை ஒன்றை அவன் கையில் கொடுத்தார்.

"முதலில் கடல் குதிரை," என்றார்.