வளர்ந்த குழாய்

குழாய் வளர்ந்திருந்தது.

வருடச் சோதனைக்கு வந்த ஹெலன், கனம் அளக்கிற மீட்டரைத் துடைத்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அதே எண். குழாய்ச் சுவரின் கனம் ஐந்தே கால் மில்லிமீட்டர்.

போன வருடம் இதே இடத்தில் நாலுதான் இருந்தது. புதிதாக வந்து இறங்கியபோதே ஐந்துதான். கருவேல விறகை எரித்து மின்சாரம் எடுக்கிற பாய்லர் இது. வருடம் முழுக்க நெருப்பில் வெந்த குழாய் இளைக்கத்தானே வேண்டும், இப்படியா சதை போடும்?

அணைத்துப்போட்டு நாளாகியும் உள்ளே வெக்கை தாங்கவில்லை. சங்கரன்கோவில் வெயில் போதாதென்று இது வேறு.

அடுத்த வட்டத்துக்குப் போனாள். போன வருடம் அளந்த இடங்களில் எல்லாம் அவளே வெள்ளை பெயிண்டால் வட்டம் போட்டிருந்தாள். அதே இடத்தில் மறுபடி அளந்தால்தான் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும்.

அங்கேயும் ஐந்துக்கு மேல்.

இதை வைத்து ஆயுள் கணக்குப் போட்டால், இந்தக் குழாய்களுக்குச் சாவே கிடையாது.

தப்பாக அளந்தது போன வருடமா, இன்றைக்கா? சாயங்காலம் நெருப்பு வைக்கலாமா கூடாதா என்று அவள்தான் சொல்லியாக வேண்டும். குழாய் வெடித்தால், கொதிக்கிற ஆவி முதலில் பாய்வது அடுப்பு வாசலில் விறகு தள்ளுகிறவர்கள் மேல்தான்.

"அண்ணாச்சி, இந்தக் குழாயை மாத்துனியளா?"

விளக்குப் பிடித்து நின்ற வெல்டர் சுடலைமணிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"மாத்தல மேடம். ஓட்டை விழப்போற இடமாப் பாத்து நீங்க வட்டம் போட்டுட்டுப் போனியள்லா? ஒண்ணு விடாம வெல்டிங் வச்சு, தடம் தெரியாமத் தேய்ச்சு, மேல வட்டத்தையும் புதுசாப் போட்டுட்டோம்."

ஹெலனுக்குச் சிரிப்பு வந்தது. மாதிரிக்கு அளக்க, கை எட்டிய இடத்தில் போட்ட வட்டங்கள் அவை.

மீட்டரை வட்டத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். இரண்டரை. இன்னொரு சாண். அதற்கும் கீழே. மூன்றுக்குக் கீழே இறங்கினால் குழாய் ஆவியைத் தாங்காது.

சுடலைமணி பெயிண்ட் டப்பாவைத் திறந்து பிரஷை நீட்டினார்.

"இந்த வருசம் எங்கன எங்கன போடணுமோ போடுங்க மேடம். இன்னைக்கே அடைச்சிருதோம்."

அவள் பிரஷை வாங்கிக்கொண்டு, தரையிலிருந்து உச்சிவரை வரிசையாக நின்ற குழாய்களைப் பார்த்தாள்.

எந்த இடத்தை விடுவது என்று தெரியவில்லை.