பேச ஓர் ஆள்

“மேடையில நான் ராணி வேஷம் கட்டி அழுறேன். திரை விழுந்ததும் பின்னால போயி சுருட்டு புடிக்கிறேன். அண்ணே, நான் அழுதது நெசமா, பொய்யா?”

கேட்டபடியே ரெங்கசாமி புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். சூசைமுத்துவுக்குக் கேள்வி காதில் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது. தன் பக்கத்தில் ஒரு மனிதன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பதை முதலில் நம்ப வேண்டாமா?

மலாயாவில் அவசரகாலச் சட்டம் வந்து மூன்று வருஷமாகியிருந்தது. அன்று காலை எட்டு மணிக்கே ரப்பர்த் தோட்டத்து ஜனங்கள் அத்தனை பேரையும் திடலுக்கு ஓட்டிவந்து வரிசை வரிசையாக உட்கார வைத்துவிட்டார்கள். சுற்றிலும் துப்பாக்கியோடு போலீஸ். முகப்பில் ஒரு கூடாரம். அதற்குள் தலையிலிருந்து தோள்வரை சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அந்தச் சாக்கின் முன்னால் நடந்து போக வேண்டும். அது தலையாட்டினால் கதை முடிந்தது. லோரியில் ஏற்றிக் கோலா சிலாங்கூர் லாக்கப்பில் அடைத்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பல்.

இந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்த சூசைமுத்துவுக்கு இந்தியாவில் ஈ காக்கையைக்கூடத் தெரியாது. அவன் செய்த குற்றம், தொழிலாளர் சங்கத்து நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தது. சங்கத்தைத் தடை செய்து, செயலாளர் கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் ஓடிய நாளிலிருந்து, நாடகக் கோஷ்டி ஆட்கள் யார் யார் என்று போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. ஆனால் சூசைமுத்துவோடு பேசினால் தங்களுக்கும் கப்பல்தான் என்று எல்லாரும் நைசாக ஒதுங்கிக்கொண்டார்கள். இந்த நெருக்கடியிலும் பாருங்கள், அவனைச் சுற்றி நாலு பாய் விரிக்கலாம், அவ்வளவு இடம் காலி. மூன்று வருஷமாக அவன் வாய்விட்டுப் பேசியது தன் கோழிகளோடுதான். அவையும் தீனி தீர்ந்ததும் போய்விடும்.

ரெங்கசாமியும் அதே கோஷ்டிதான். போலீஸ் ஒரு தரம் கூட்டிப்போய் விசாரித்துவிட்டு விட்டுவிட்டது. அவனும் இத்தனை நாளாக எட்டித்தான் போய்க்கொண்டிருந்தான். இன்றைக்கு என்ன தோன்றியதோ.

“அழுக நெசம்தான்,” என்றான் சூசைமுத்து. “துக்கம் ராணியோடது, கண்ணு உன்னோடது. கண்ணீருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா?”

“ஆகா! இப்படிப் பேசி எத்தன நாளாச்சு லா! சரி, இதுக்குச் சொல்லுங்க. ஆளே இல்லாத எடத்துல ஒருத்தன் பாடுறான். அது பாட்டா?”

“பொட்டியத் தொட்டு மூணு வருஷமாச்சு தம்பி. நெஞ்சுக்குள்ள வாசிச்சுக்கிட்டேதான் இருக்கேன். அத எவன் பாட்டுன்னு சொல்லுவான்? பாட்டுன்னா கேக்க ஒரு காது வேணும். ஒண்ணு இருந்தாக்கூடப் போதும்.”

சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வெயில் கூசுவதுபோல முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டான்.

ரெங்கசாமி கூடாரத்தைப் பார்த்தான். “அவனும் வேஷக்காரன்தானே அண்ணே? தலையாட்டுறது அவனா, சாக்கா?”

“சாக்குக்கு ஏது கழுத்து?”

ரெங்கசாமி சிரிக்கவில்லை. “அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும். கப்பல் ஏத்திடுவோம்னு மெரட்டியிருப்பானுங்க. என்னையே எடுத்துக்குங்க, நாலு புள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? அப்படிப்பட்டவன் உங்க வாசல்ல வந்து நின்னா, மன்னிப்பீங்களா?”

சூசைமுத்து யோசித்தான். பெரிய கேள்விதான். ஆனால் அவனுக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் ருசித்தது.

“என் வாசலுக்கு எவன் வரப்போறான்? வந்தா உக்காரச் சொல்லி ஒரு காப்பி போட்டுக் குடுப்பேன். மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

ரெங்கசாமி ஒரு புல்லைக் கிள்ளி எறிந்தான். பிறகு எழுந்து, “எங்க லயத்து வரிசைக்குப் போறேன்ணே, வேலை வாங்குற மண்டோர் பாத்தா கத்துவாரு,” என்று சூசைமுத்துவின் தோளில் ஒரு தரம் கை வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தான்.

சூசைமுத்துவின் முறை வந்தபோது பகல் பன்னிரண்டு இருக்கும். அதிசயம், நடையில் தயக்கமே இல்லை. ஒருவன் வந்து பேசிவிட்டுப் போனால் மனிதனுக்கு இவ்வளவு தெம்பு வருமா என்று அவனுக்கே சிரிப்பு வந்தது. சாக்கின் முன்னால் நின்றான். சாக்கு அசையவில்லை. “போ,” என்றார்கள்.

ஐந்தடி வைத்திருப்பான். இன்ஸ்பெக்டரின் பிரம்பு அவன் மார்பில் குறுக்கே விழுந்தது.

“நீ லோரிக்கு.”

“தலையாட்டலையே ஐயா!”

“ஏறுடா.”

தார்ப்பாய் மூடிய லோரிக்குள் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். மிருதங்கம் வாசித்த வீரன், ராஜா வேஷம் கட்டிய தங்கராஜு.

“உங்களுக்காவது அது தலையாட்டுச்சா?” என்று கேட்டான் சூசைமுத்து.

“எங்க ஆட்டுச்சு? ஆடாம அசையாம உக்காந்திருந்துச்சு,” என்றான் வீரன். “அப்புறம் எப்படி லா சரியா நம்மளையே பொறுக்குனானுங்க?”

சூசைமுத்து பலகையில் சாய்ந்துகொண்டான். போகப்போகிற ஊரில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது. ஆனாலும் மனம் நல்லதையே தேடிப் பிடித்துக்கொண்டது.

“என்னமோ போ. மூணு வருஷம் கழிச்சு இன்னிக்கு ரெங்கசாமி எம் பக்கத்துல வந்து உக்காந்து, நாடகம் பாட்டுன்னு மனசு நெறையப் பேசிட்டுப் போனான். கப்பல்ல போற வரைக்கும் அது போதும் எனக்கு.”

வீரனும் தங்கராஜுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உம் பக்கத்துலயும் உக்காந்தானா?” என்றான் வீரன்.