ஹாஜியாரின் சின்னவிரல்

"ஸில்மியா, தாடியப் பிடிச்சிக்கிட்டு இன்னொருக்கா திருப்பு புள்ள!"

ஷாஹினா டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாடகத்தின் பெயர் 'ஒரு சஹன், ஆறு பேர்'. கலியாண வீட்டில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுகிறார்கள். அதில் ஒருவர் ஹாஜியார். பஞ்சுத் தாடி ஒட்டிய அந்த வேசம் நாலாம் வகுப்பு ஸில்மியாவுக்கு.

பொரித்த கோழி எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஹாஜியார் உபதேசம் செய்கிறார். "மத்தவங்கட பக்கம் கை நீட்டப்படாது. அவரவருக்கு முன்னால இருக்கிறதத்தான் சாப்பிடணும். அதுதான் ஒழுக்கம்!"

சொல்லிக்கொண்டே இடது கைச் சின்னவிரலால் சஹனின் விளிம்பைத் தள்ளுகிறார். கோழி மெல்ல மெல்லச் சுற்றி வந்து அவர் முன்னால் நிற்கிறது.

"பாருங்க, எனக்கு முன்னாலதான் இருக்கு!"

அந்தச் சின்னவிரல் டீச்சர் எழுதியதல்ல. ஸில்மியா தானாகச் சேர்த்தது.

"இத எங்க புள்ள பார்த்தாய்?"

ஸில்மியா பக்கத்தில் இருந்த, கூட நடிக்கும் பஹ்மியைப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள். "சும்மா டீச்சர்."

சும்மாவாவது! யாரென்று டீச்சருக்குத் தெரியாதா? ரைஸ் மில் ஹமீட் ஹாஜியார்தான். ஊரில் வேறு யாருக்கு அவ்வளவு பெரிய தாடி இருக்கிறது? நாடகத்துக்குச் சஹன் இரவல் கொடுத்ததும் அவர்தான். அவருடைய சஹனை வைத்தே அவருக்கு அடி. டீச்சருக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோசம்.

இந்த முறை முதலாம் இடம் வந்தே ஆக வேண்டும். மூன்று வருசமாக வலய மட்டத்தில் இரண்டாம் இடம். இனியும் இரண்டாம் இடமென்றால் ஆசிரியர் அறையில் தலை காட்ட முடியாது. மாகாணப் போட்டிக்குப் போக வேன் பிடிக்க வேண்டும் என்று போன கிழமையே எல்லாருக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

போட்டியன்று மண்டபம் குலுங்கியது. சின்னவிரல் நகர நகரச் சிரிப்பு. முன்வரிசையில் ஹமீட் ஹாஜியார்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

"பாருங்களேன்," டீச்சர் பஸ்மினா டீச்சரின் காதில் சொன்னார். "தன்னத்தான் சொல்றாங்க எண்டு விளங்காமச் சிரிக்கிற மனுசன! அல்லாஹ் சில பேருக்கு அந்த அறிவக் குடுக்கல்ல."

நடுவர் நல்லரெத்தினம் மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். தம்பிலுவில்காரர். நாடகம் பழக்கியே தலை நரைத்தவர்.

"புள்ளைகள் அருமை. அந்தத் தாடிக்கார மகள் இருக்கிறாவே, நான் கதிரையால விழப் பார்த்தன். ஆனா ஒரு குறை. சஹனத் திருப்புற கட்டம் மிகை."

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இந்தா முன்னால இருக்கிறாரே ஹமீட் ஹாஜியார், இவர்ட வீட்டுல முப்பது வருசமாச் சஹன்ல இருந்து சாப்பிட்டவன் நான். சஹன் சுத்தினது உண்மை. ஆனா ஒவ்வொருக்காவும் கோழி எனக்கு முன்னாலதான் வந்து நிண்டது. தன்ட பக்கம் திருப்பின ஆள நான் இன்னும் காணல்ல. அதுக்குத்தான் ரெண்டு புள்ளி குறைச்சன்."

வேறொரு பாடசாலையின் 'டியூசனுக்குப் போன ஆடு' முதலாம் இடம். 'ஒரு சஹன், ஆறு பேர்' இரண்டாம் இடம்.

பகல் சாப்பாட்டுக்குப் புரியாணிச் சஹன். ஆண்களுக்கு மண்டபம், பெண்களுக்கு வகுப்பறை. ஆறு டீச்சர்மார் ஒரு சஹனில் சுற்றி இருந்தார்கள். பக்கத்துச் சஹனில் நாடகப் பிள்ளைகள். ஸில்மியா இன்னும் தாடியைக் கழற்றவில்லை.

ஷாஹினா டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. பேச்சுத்தான் வந்தது.

"மிகையாம் மிகை! அந்த மாஸ்டருக்குச் சஹனப் பத்தி என்ன தெரியும்? முப்பது வருசம் ஹாஜியார்ட கோழியத் திண்டவர். அவருக்கு எதிரா புள்ளி போடுவாரா?"

"விடுங்க டீச்சர். சாப்பிடுங்க," என்றார் பஸ்மினா டீச்சர்.

"எப்பிடி விடுற? அடுத்தவன்ட பங்குல கண் வைக்கிற ஆக்கள் ஊருல எத்தன பேரு! வாயால ஒழுக்கம் கதைப்பாங்க. கையப் பார்த்தா வேற வேல நடக்கும். அதத்தானே நாம காட்டினோம்? இந்தக் காலத்துல உண்மையச் சொன்னா மிகை எண்டுறாங்க."

"ஓம் டீச்சர்..."

"நான் கேக்கிறன், இப்பிடித் திருப்பித் திருப்பிச் சாப்பிடுறவங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கம் வேணாமா?"

ஐந்து கைகள் சோற்றில் அப்படியே நின்றன. பஸ்மினா டீச்சர் தனக்கு முன்னால் இருந்த வெறும் சோற்றையும் ஷாஹினா டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டீச்சர் குனிந்தார்.

சற்று முன் பஸ்மினா டீச்சருக்கு நேரே இருந்த கோழிக்கால் இப்போது தனக்கு நேரே இருந்தது. சஹனின் விளிம்பில் ஒரு விரல் இன்னும் கொளுவியபடி நின்றது. அவருடைய இடது கைச் சின்னவிரல்.

பக்கத்துச் சஹனில் ஸில்மியா பஞ்சுத் தாடியை நாடிக்குக் கீழே இழுத்துவிட்டு, பஹ்மியின் காதில் ரகசியம் சொன்னாள். வகுப்பறை முழுக்கக் கேட்டது.

"நான் சொன்னன்தானேடா? எங்கட மூத்த ராத்தாட கலியாணத்துலயும் டீச்சர்ட இதே விரல்தான்!"