சூட்டில் மறையும் பேனா

"உங்க யூனிட்ல எவளோ எழுதிகீறா. யாருன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

பகலவன் ஜாக்கெட்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, கைகளை மறுபடி பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். வெளிர்நீல ஜாக்கெட்டின் மார்பில் அவன் பெயரும் கம்பெனி சின்னமும் எம்பிராய்டரியில் அழகாகத்தான் இருந்தன. அதற்குக் கீழே பேனாவால், கொட்டை எழுத்தில், ‘பொய்யன்’ என்று இருந்தது.

அவன் மனைவி சத்யப்பிரியாவுக்குக் காது மடல் வரை சுட்டது. எழுதியவளே அவள்தான்.

மண்ணூரில் மஞ்சுளாவின் எம்பிராய்டரி யூனிட்டில், துணியில் அடையாளம் போடுவது அவள் வேலை. தோள் தையலிலிருந்து அளந்து, சின்னம் வரவேண்டிய இடத்தில் ஒரு கூட்டல் குறி, பெயருக்கு ஒரு கோடு. அதைப் பார்த்துத்தான் துணியை மெஷினில் மாட்டுவார்கள். எல்லாம் முடிந்து முத்துச்செல்வி இஸ்திரி போட்டால் குறி காணாமல் போய்விடும். சூடு பட்டால் மறையும் பேனா அது.

ஒரகடத்தில் பகலவன் வேலை பார்க்கும் ஐஸ்கிரீம் குடோனிலிருந்து ஆர்டர் வந்தபோது, பெயர்ச் சீட்டு குத்திய அவன் ஜாக்கெட்டும் அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது. அன்று காலையில்தான் இருவருக்கும் சண்டை.

சண்டை வராமல் என்ன செய்யும்? கொஞ்ச நாளாக அவன் அவளைத் தொடுவதே இல்லை. லேட்டாக வருகிறான், கேட்டால் ஓ.டி. என்கிறான். கையில் ஏதோ கிரீம் வாசனை. வீட்டுச் சோற்றைக்கூட ஸ்பூனால் சாப்பிடுகிறான், பெரிய துரை மாதிரி. பில்லிங் செக்‌ஷனில், ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவனுக்கு அங்கேயே எவளோ கிடைத்துவிட்டாள் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். வெளியே சொல்லவும் முடியவில்லை. ‘எங்க வூட்டுக்காரருக்கு ஏசி ரூமு, கம்ப்யூட்டர் வேல’ என்று யூனிட் முழுக்கத் தம்பட்டம் அடித்தவளே அவள்தானே.

ஆத்திரத்தில் எழுதினாள். இஸ்திரியில் போய்விடும் என்ற தைரியம். போகவும் போனது, அவளே கண்ணால் பார்த்தாள். பிறகு எப்படித் திரும்பி வந்தது?

"இன்னிக்குத்தான் புதுசு குடுத்தாங்க. காலைல போடறப்போ ஒண்ணுமே இல்ல," என்றான் பகலவன். "டீ குடிக்க வெளிய வந்தா எல்லாரும் பாத்துச் சிரிக்கிறானுங்க. மூஞ்ச எங்க வெச்சிக்கறதுன்னே தெரில. கடைசியா துணியத் தொடறது அந்த இஸ்திரி போடற திருநெல்வேலிப் பொண்ணுதானே, அவ வேலதான் இது. ஓனராண்ட சொல்லி அவள நிறுத்தச் சொல்லு."

சரி என்று தலையாட்டிவிட்டாள். ஹாஸ்டலில் தங்கி ஊருக்குப் பணம் அனுப்புகிற பெண்மேல் பழி விழும்போது வாயை மூடிக்கொண்டு நின்றதை நினைத்து, அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை. இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் முத்துச்செல்வி வருவதற்கு முன்பே, ஜாக்கெட்டை மஞ்சுளாவின் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மஞ்சுளா சரமாரியாகத் திட்டினாள். கஸ்டமர் துணி என்ன பள்ளிக்கூடச் சிலேட்டா என்று கேட்டாள். சத்யப்பிரியா தலை நிமிரவில்லை.

"போனது எப்படிக்கா திரும்பி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்த மஞ்சுளாவின் கோபம் ஏனோ அடங்கிவிட்டது. எழுத்தோடு கூட்டல் குறியும் கோடும்கூடத் திரும்பி வந்திருந்தன.

"இந்த இங்க் சூட்டுல போவும், உறையற குளிர்ல திரும்பி வந்துடும். ஏசி குளிருக்கெல்லாம் வராது, சத்யா. ஃப்ரீசர் ரூமுக்குள்ள நின்னு பெட்டி தூக்கறவங்க துணிலதான் வரும்." சற்றுத் தயங்கினாள். "உன் வூட்டுக்காரர் பில்லிங்னுதானே சொன்ன?"

அன்று மாலை பகலவன் வந்ததும் வராததுமாக, யாரென்று தெரிந்ததா என்று கேட்டான்.

"நான்தாங்க எழுதுனேன்," என்றாள். அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது. "திட்டறதுன்னா அப்பறமா திட்டுங்க. மொதல்ல கையக் காட்டுங்க."

பகலவன் பேன்ட் பைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தான். விரல் நுனியெல்லாம் பாளம் பாளமாய் வெடித்து, வெடிப்புகளுக்குள் அந்த வாசனைக் கிரீம் வெள்ளையாய் அப்பியிருந்தது.