தலைவர் வீட்டுக் குக்கர்

"என்னங்க, இது நம்ம வீட்டுக் குக்கர்தானே? இல்ல, எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சா?"

சமையலறை வாசலில் நின்று மனைவி கேட்டாள். உள்ளே, கரி அடுப்புக் கழகத்தின் தலைவர் பன்றி விலாவின் உட்புறச் சவ்வைக் கத்தி முனையால் நெம்பி உரித்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாதே."

"கேஸ் அடுப்புல விலா வேக வைக்கிறவன் மனுஷனே இல்லைன்னு போன விருந்துல யார் பேசினது?"

"உங்க அண்ணன்."

"கை தட்டினது?"

"நான்தான்."

கழகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. விடுமுறை நாளில் யார் வீட்டுப் பின்புறத்திலாவது கூடி, கரி மூட்டி, கண் எரிய நின்று, இறைச்சியைப் பற்றி வேதாந்தம் பேசும் சில நடுவயது ஆண்கள். உலகத்தில் அவர்கள் சொன்னபடி கேட்பது அந்த அடுப்பு ஒன்றுதான். அதனால் விதிகள் கடுமை. விலா கரியில் மட்டுமே வேக வேண்டும். பல்லால் கடித்து இழுத்தால்தான் எலும்பை விட்டு வர வேண்டும். தானாகக் கழன்று விழுந்தால் அது விலா இல்லை, நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சி.

சட்டம் இயற்றியவர் துணைத் தலைவர். மனைவியின் அண்ணன். தலைவர் நாற்காலி மேல் வெகுநாளாக ஒரு கண் வைத்திருப்பவர்.

தலைவருக்கோ அந்தப் பதவி உயிர். 'தலைவர்' என்று நூலில் தைத்த சமையல் ஏப்ரனைத் துவைக்கக்கூட மனைவியிடம் தர மாட்டார்.

மிளகாய்த்தூள், மிளகு, பூண்டு, உப்பு, சர்க்கரை எல்லாம் கலந்து விலாவில் அழுத்தித் தேய்த்தார். குக்கரில் வினிகர் கலந்த தண்ணீர் கொஞ்சம். அதன் மேல் தட்டு, தட்டின் மேல் விலா. மூடியைப் பூட்டி வெயிட்டைப் போட்டார்.

"அப்ப வெளியில அந்த அடுப்பு எதுக்குப் புகையுது?"

"அது கௌரவத்துக்கு. கடைசியில சாஸ் தடவி அதுல லேசா வாட்டி எடுத்தாப் போதும்."

"சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு உழைப்பா!" என்றாள் மனைவி.

உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். துணைத் தலைவர் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன மாப்பிள்ளை, வாசனையே காணோம்?"

"மூடி வெச்சிருக்கேன் மச்சான். காலையிலேருந்து உள்ளே மெதுவா..."

உஸ்ஸ்ஸ்ஸ்!

தலைவர் பலமாக இருமினார்.

"உருளைக்கிழங்கு," என்றாள் மனைவி, யாரும் கேட்காமலே.

உஸ்ஸ்ஸ்ஸ்! இந்த முறை இருமல் பிந்திவிட்டது.

துணைத் தலைவர் எழுந்து போய் அடுப்பின் மூடியைத் தூக்கினார். உள்ளே கரி கனன்றுகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

"ஏன் மாப்பிள்ளை, இன்னிக்குக் கரியையேதான் சுடறீங்களா?"

குக்கரில் ஆவி தானாக அடங்கும்வரை விசாரணை நடந்தது. தலைவர் எழுந்துபோய்க் குக்கரிலிருந்து விலாவை எடுத்து வந்தார், சாஸ் தடவினார், ஓரம் கருகும்வரை கரியில் வாட்டிப் பரிமாறினார்.

எலும்பைப் பிடித்துத் தூக்கினால் எலும்பு மட்டும் வந்தது. இறைச்சி தட்டிலேயே சுகமாகப் படுத்திருந்தது.

"அநியாயம்!" என்றார் துணைத் தலைவர். "கடிக்கவே தேவையில்லையே! இன்னொண்ணு வைங்க மாப்பிள்ளை. எவ்வளவு பெரிய அநியாயம்னு சரியாப் பார்த்துடறேன்."

நன்றாகவே பார்த்தார். பார்க்கப் பார்க்கத் தட்டின் ஓரத்தில் எலும்பு குவிந்தது.

"கழகத்தோட மானம் போச்சு," என்றார் விரலைச் சூப்பியபடி. "தலைவரை நீக்கணும்னு முன்மொழியறேன். ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

தூக்கினார்கள். தூக்கிய கையிலெல்லாம் எலும்பு இருந்தது.

"ருசி என்னமோ பிரமாதம்தான்," என்று இழுத்தார் உறுப்பினர்களில் ஒருவரான கண்ணாடிக் கடைக்காரர். "ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

புதுத் தலைவர் யார் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. பழைய தலைவர் ஏப்ரனைக் கழற்றி, மடித்து, மச்சானிடம் நீட்டினார்.

கிளம்பும்போது புதுத் தலைவர் தங்கையிடம் திரும்பினார். "மிச்சத்தை ஒரு டப்பாவுல போடும்மா. சாட்சிப் பொருள். இங்க விட்டா மாப்பிள்ளை அழிச்சிடுவார்."

"போட்டாச்சு மச்சான்," என்றார் பழைய தலைவர். "சாஸ் தனியா இருக்கு. சாட்சி காய்ஞ்சிடக் கூடாதுல்ல."

கதவு சாத்தியதும் மனைவி வெடித்தாள்.

"மானத்தை வாங்கினவனுக்கு டப்பா வேற கட்டிக் குடுக்கறீங்க! என் அண்ணன்னாலும் சொல்றேன், நாக்குல நரம்பில்லாத மனுஷன். தப்பு உங்க மேலயும்தான். ஒரு நாள் நின்னு ஒழுங்கா சுட்டிருந்தா கால் என்ன தேய்ஞ்சா போயிடும்?"

அவர் குக்கரைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"போன விருந்துக்கு மறுநாள் செடிக்குத் தண்ணி ஊத்தப் போனேன். உங்க அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்துத் தொட்டியில மண்ணு கிளறிக் கிடந்தது. தோண்டிப் பார்த்தா, நான் சுட்டுக் குடுத்த விலா. பல்லே படாம முழுசா இருக்கு."

"என்னது?"

"மேல் வரிசை மொத்தமும் கட்டின பல்லு. அப்புறம் அவர் சிரிக்கும்போது கவனிச்சேன். கடிச்சு இழுக்கணும்னு சட்டம் போட்டவரு அதை எப்படி வெளியில சொல்லுவார்? அவருக்கு மட்டும் தனியாப் பஞ்சு மாதிரி வெச்சா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும். அதான், எல்லாருக்குமே குக்கர்ல வெச்சுட்டேன்."