பூதம் காத்திருக்கட்டும்

பூதம் கோடரியை ஓங்கியபடி நின்றது. இப்போது அவன் முறை.

அவன் யோசித்து முடிக்கும்வரை அது அப்படியேதான் நிற்கும். அந்தக் கணினி விளையாட்டின் சட்டம் அது. ஒருவர் அடித்து முடித்தால்தான் அடுத்தவர் கையைத் தூக்கலாம்.

அதற்காகவே தேடிப் பிடித்த விளையாட்டு. முன்பு ஆடியதெல்லாம் கண் அசந்தால் கதை முடிந்துவிடும் ரகம். அக்கா கூப்பிடுவாள். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு வந்து பார்த்தால், இவனுடைய வீரன் மண்ணைக் கவ்விக் கிடப்பான்.

விபத்தில் இடுப்பெலும்பு நொறுங்கி அக்கா படுத்த படுக்கையானாள். அம்மாவும் அப்பாவும் இல்லாத வீடு. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையை வீட்டிலிருந்தே செய்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவன்தான் பார்த்துக்கொண்டான்.

"டேய், கொஞ்சம் வந்துட்டுப் போ. பூதம் காத்திருக்கட்டும்."

முன்னறையிலிருந்து குரல் வரும். போவான். தண்ணீர், மாத்திரை, முதுகுக்கு ஒரு தலையணை, பிறகு கால்களை மடக்கி நீட்டும் பயிற்சி. வலி தாங்காமல் அவள் திட்டுவதை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வருவான். ஓங்கிய கோடரி ஓங்கியபடியே இருக்கும்.

அந்தப் பூதத்துக்கு இருந்த பொறுமை சொந்தக்காரர்களுக்கு இல்லை. வந்தவர்கள், "இன்னும் எத்தனை நாளைக்கோ" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரே சண்டையை அவன் வாரக்கணக்கில் போட்டதுண்டு.

இன்று விடுமுறை. சாப்பிட்டதும் உட்கார்ந்தான். வில்லாளி, வாள்காரன், மருத்துவச்சி என்று ஒவ்வொருவராக முன்னே நகர்த்தினான். ஹெட்போன் ஒரு காதில்தான் இருந்தது. இன்னொரு காது, பழக்கதோஷம், முன்னறைக்காகத் திறந்தே கிடந்தது.

யாரும் கூப்பிடவில்லை.

ஒரே மூச்சில் சண்டை முடிந்தது. கடைசிப் பூதமும் சரிந்தபோது அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இவ்வளவுதானா இது.

அவனுடைய ஆட்கள் நொண்டிக்கொண்டு நின்றார்கள். எதிரி பக்கத்தில் இருக்கும்வரை அந்த விளையாட்டு யாரையும் படுக்க விடாது. இப்போது விட்டது. ஓய்வு கொடுத்தான். கூடாரம் முளைத்தது, தீ எரிந்தது, எல்லோரும் சுருண்டு படுத்தார்கள். திரையில் பொழுது விடிந்தபோது காயங்கள் போன இடம் தெரியவில்லை.

என்ன தோன்றியதோ, ஓய்வுப் பொத்தானை மறுபடியும் அமுக்கினான்.

'எல்லோரும் நலம். இப்போது ஓய்வு தேவையில்லை' என்றது திரை.

எழுந்து முன்னறைக்குப் போனான்.

வாடகைக் கட்டிலை நேற்றே வந்து எடுத்துப் போய்விட்டார்கள். அது கிடந்த இடத்தில் தரை மட்டும் புதுசாக இருந்தது. சக்கரம் பதிந்த தடங்களைக் கால் விரலால் தடவிப் பார்த்தான். ஜன்னலைத் திறந்தான். திறந்து என்ன செய்வதென்று தெரியாமல் மூடினான்.

செல்போன் அடித்தது. அக்கா.

"டேய், புது ரூமுக்கு வந்துட்டேன். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நானே ஏறிட்டேன்டா, ஒரு இடத்துலகூட உக்காரல." அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "நீ வராததே நல்லதாப் போச்சு. வந்திருந்தா பிடிச்சுப் பிடிச்சே ஏத்தியிருப்பே. நாளைக்கு ஆபீசுக்கும் நடந்தேதான் போகப்போறேன்."

"ரொம்ப நல்லதுக்கா" என்றான். மனதாரத்தான் சொன்னான். செல்போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"நீ என்ன பண்றே, ஆடிட்டிருக்கியா? ஆடு ஆடு. இனிமே நடுவுல கூப்பிட ஆளே இல்ல."

அவனுக்காகச் சந்தோஷப்பட்டுத்தான் அவள் அதைச் சொன்னாள்.