முதலில் வந்தவன்

"வேணாம் சோனியா, மேல சொல்லாதே" என்று உஷா பேனாவை மூடி வைத்தாள்.

சோனியா இன்னும் எதுவும் சொல்லவே ஆரம்பிக்கவில்லை. க்ளெனை விட்டுப் பிரிய வேண்டும், நீதான் எனக்கு வக்கீலாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் சொல்லியிருந்தாள். அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்வதற்கே அவளுக்குப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

கீழே காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் ஆட்டோக்கள் விடாமல் ஹாரன் அடித்தன. உஷா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இது சோனியாவுக்குப் பழகியதுதான். ஏற்கெனவே இரண்டு வக்கீல்களிடம் போய் வந்திருந்தாள். கணவன் பெயரைக் கேட்டதும் இருவருமே இப்படித்தான் ஆனார்கள். உங்கள் வீட்டுக்காரர் முன்பே வந்து எங்களிடம் ஆலோசனை கேட்டுவிட்டார், அவர் மனம்விட்டுச் சொன்னதைக் கேட்ட பிறகு அவருக்கு எதிராக உங்களுக்காக வாதாட எங்களுக்கு அனுமதி இல்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அப்போதுகூட அவள் கலங்கவில்லை. உஷா இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டாள். கல்லூரியில் ஒரே பெஞ்ச். மகள் ஜோவியின் ஞானஸ்நானத்தன்று குழந்தையை மடியைவிட்டு இறக்காதவள்.

"உன்கிட்டயுமா வந்தாரு?"

உஷா தலையசைத்தாள்.

சும்மா பார்க்க வந்தவன் போலத்தான் வந்தானாம். காபி குடித்தானாம். என்ன விஷயமாக வந்திருக்கிறான் என்று உஷாவுக்கு உறைப்பதற்குள், வக்கீலாகத்தான் உன்னிடம் சொல்கிறேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டானாம். உன் கேஸை எடுக்க மாட்டேன் என்று இவள் முகத்துக்கு நேரே சொல்லியும் அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனானாம்.

கேஸை எடுக்கச் சொல்லி அவன் வரவே இல்லை, உஷா தனக்காக வாதாட முடியாமல் செய்யத்தான் வந்திருக்கிறான் என்பது சோனியாவுக்குப் புரிந்தது.

வக்கீல் தேடுவதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனாலும் அவள் தட்டப்போகும் ஒவ்வொரு கதவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாகப் போய்ச் சாத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறான்.

"என்ன சொன்னாருன்னு மட்டும் சொல்லு, போதும்."

"முடியாதுடி. என்னை நம்பிச் சொன்னதை வெளியே விட்டா நான் இந்தக் கோட்டைக் கழட்டிட வேண்டியதுதான்."

ராஜாஜிநகரில் ஒரு அம்மா இருக்கிறார், நல்ல வக்கீல், க்ளெனுக்கு அவரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று உஷா சொன்னாள். சோனியா கேட்டுக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் எதிரில் உட்கார்ந்து, ப்ளவுஸ் கையை ஏற்றி, தழும்பைக் காட்டி, முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்குத் தெம்பு இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கதவருகே போனபோது உஷா கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"ஜோவி இப்ப எங்க இருக்கா?"

"ஸ்கூல்ல. இன்னிக்கு க்ளெனே கொண்டுபோய் விடறேன்னு கூட்டிட்டுப் போனாரு."

இங்கே வரத் தோதாகப் போயிற்றே என்றுதான் காலையில் அவளும் நினைத்திருந்தாள்.

உஷா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, சோனியாவின் கைப்பையிலிருந்து போனை அவளே எடுத்து அவள் கையில் வைத்தாள்.

பள்ளி அலுவலகத்தில் மணி வெகுநேரம் அடித்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்து, இருங்க மேடம் என்று சொல்லி, வகுப்பில் விசாரித்துவிட்டு வந்தாள். இரண்டாம் வகுப்பு ஜோவிதா இன்று வரவே இல்லை என்றாள்.

சோனியாவின் கை போனோடு கீழே இறங்கியது.

என்ன சொன்னார்கள் என்று உஷா கேட்கவில்லை.